கப்பல்காரர் வீட்டு வடம்

மலைக்குச் செல்கிறேன் என்று சொன்னதும் பினாங்கில் என் அண்டை வீட்டுச் சீன அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உன் அக்காள் கணவர் கடற்படையில் பெரிய தலைவர் என்றாயே? அவருடைய நினைவுநாளுக்குக் கடற்கரைக்கு அல்லவா போக வேண்டும்?" என்று மலாய் மொழியில் கேட்டார். நியாயமான கேள்வி. விடை சொல்லத் தொடங்கினால் வானூர்தி எனக்காகக் காத்திராது. "அக்காளை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன், அவளையே கேளுங்கள்" என்று கூறிப் பெட்டியைத் தூக்கினேன்.

என் அக்காள் மங்கையர்க்கரசி. அவள் கணவர் தணிகாசலம் இந்தியக் கடற்படையில் ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவி வரை சென்றவர். அக்காள் கணவரை மாமா என்பது எங்கள் வீட்டு வழக்கு. ஒத்த பதவியில் இருந்தவர்கள் சென்னையிலும் கொச்சியிலும் கடல் தெரியும் மாடிகளில் குடியேற, மாமா மட்டும் கல்வராயன் மலைமேல் ஒரு சிற்றூரில் வீடு கட்டினார். சென்ற ஆனி மாதம் அந்த வீட்டிலேயே காலமானார். அன்று முதல் அக்காள் அங்கே தனியே இருக்கிறாள்.

மெல்பர்னில் மருத்துவராக இருக்கும் அவர்கள் மகள் எழிலி தொலைபேசியில் என்னிடம் மன்றாடினாள். "சித்தி, அம்மா அங்க தனியா இருக்கவே கூடாது. விழுந்தாக்கூடத் தூக்க ஆள் இல்ல. நீங்க நேர்ல போனாத்தான் கேப்பாங்க. கையோட கூட்டிட்டு வந்துடுங்க." அக்காளைக் கேட்டேன். நான் எண்ணியதைவிட எளிதில் உடன்பட்டாள். ஒரே ஒரு நிபந்தனைதான். "மாமாவுக்கு ஒரு வடம் பாக்கி இருக்கு. அதை இழுத்து முடிச்சிட்டுக் கெளம்பறேன். வர்ற வழியில கள்ளக்குறிச்சியில ரஹீம் பாய் கடையில கயிறு வாங்கிட்டு வா." எந்த வடம், எதற்குக் கயிறு என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மலைமேல் அலைபேசிக்கு அவ்வளவுதான் மூச்சு.

முதல் நாள் பேருந்திலேயே கழிந்தது. உளுந்தூர்பேட்டைச் சந்திப்பில் இறங்கி, சரக்குந்து ஓட்டுநர்கள் நிறைந்திருந்த ஓர் உணவகத்தில் பரோட்டா உண்டேன். பினாங்கில் நாங்கள் ரொட்டி சானாய் என்று உண்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே பருப்புக் குழம்பு அடக்கமாகச் சிறு கிண்ணத்தில் வரும். இங்கே சால்னா வாளியிலிருந்து பொழிந்தது. போதும் என்று இலைமேல் கையை விரித்தேன். விரல்களுக்கிடையே ஊற்றிவிட்டு, "இன்னாம்மா, இதுக்கே போதும்ன்றீங்க? கள்ளக்குறிச்சி போற வரைக்கும் தாங்க வாணா?" என்றார் பரிமாறியவர். அவர் சொன்னது மெய்யாயிற்று. ஊரைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் பேருந்தின் பின்சக்கரம் வெடித்துக் கரும்புத் தோட்டத்தின் ஓரம் சாய்ந்து நின்றது.

"எறங்குங்க, எறங்குங்க. பின்னால வர்ற வண்டில ஏத்தி வுட்றேன்" என்றார் நடத்துநர். என் பெட்டியை, கேட்காமலேயே, நிலக்கடலை மூட்டையோடு வந்த ஒரு பெண்மணி தூக்கினார். தூக்கியவர் திடுக்கிட்டு, "இன்னாம்மா இது, கல்லா வச்சிக்கினு வர? எங்க, சிங்கப்பூரா?" என்றார். பினாங்கு என்றேன். "அதுவும் சிங்கப்பூர் ஓரமாத்தானே? தைலம் வச்சிருப்பியே!" வைத்திருந்தேன். அடுத்த பேருந்து வருவதற்குள் பாதித் தைலப் புட்டிகள் பயணிகளின் முழங்கால்களில் தீர்ந்தன. கரும்புக் காற்றும் தைல மணமும் கலந்த அந்தச் சாலையோரத்தில், அறியாத மனிதர் பலருக்கு நான் ஒரு பொழுதில் உறவாகிவிட்டேன்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ரஹீம் பாயைக் கண்டேன். கயிறு, சங்கிலி, வாளி, வலை எல்லாம் தொங்கும் கடை, குடும்பத்தொழில். இளமையில் அதை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கடற்படையில் சேர்ந்து, மாமா தலைமை தாங்கிய கப்பலில் கயிறுகளுக்கும் படகுகளுக்கும் பொறுப்பாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் மறுபடியும் கயிற்றுக்கே திரும்பியிருக்கிறார்.

"மேடம் தங்கச்சிதானே நீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. குந்துங்க, குந்துங்க. டேய், டீ சொல்லுடா!"

வடத்தின் கதையைக் கேட்டேன். தேநீர் ஆறும்வரை அவர் நிறுத்தவில்லை.

"எங்க நேவில ஒரு வழக்கம்ங்க. பெரிய ஆபீசரு ரிட்டயர் ஆனா, கடைசி நாளு நடந்து போவக்கூடாது. ஜீப்புல குந்த வச்சி, வடம் கட்டி, கூட இருந்த ஆபீசருங்களே கேட்டு வரைக்கும் இழுப்பாங்க. பக்கத்து சீட்டுல சம்சாரம் குந்தணும். கேட்டாண்ட வடத்த வுட்டுட்டு ஒரு சல்யூட்டு. அத்தோட கடல் முடிஞ்சிது."

"மாமாவுக்கு இழுக்கவில்லையா?"

"எல்லாம் ரெடிங்க. வடம் நாந்தான் கட்னேன். ஆனா அன்னிக்கி மேடம் ஆஸ்பத்திரில. விழுந்து இடுப்பு எலும்பு பூடுச்சி, ஆபரேசன். சார் வந்தாரு. ஜீப்பப் பாத்தாரு, பக்கத்து சீட்டப் பாத்தாரு. 'காலியா இருக்கு ரஹீம், சுருட்டி வை'ன்னாரு. மார்ல மெடலெல்லாம் தொங்கிக்கினு, கேட்டாண்ட ஒரு ஆட்டோவ நிறுத்தி ஏறிப் பூட்டாரு. நாங்க அத்தினி பேரும் கையில வடத்த வச்சிக்கினு நின்னோம்."

தன்னால்தான் மாமாவுக்கு அந்தச் சிறப்பு தவறிற்று என்னும் எண்ணம் அக்காளை இத்தனை காலமாக அரித்திருக்கிறது. நினைவுநாளுக்கு மறுநாள், மாமாவின் பழைய ஜீப்பில் அவருடைய தொப்பியை மடியில் ஏந்தி அமர்வாள். வாயிற்கதவு வரை வடம் இழுக்கப்படும். கதவுக்கு வெளியே காத்திருக்கும் மகிழுந்தில் ஏறி என்னோடு வந்துவிடுவாள். இதுவே திட்டம். கேட்கக் கேட்க என் நெஞ்சு துள்ளியது. விடைபெறுதலுக்கு இதைவிட அழகிய முறை ஏது!

ரஹீம் பாய் பெட்டியிலிருந்து ஒரு வெண்கலச் சீழ்க்கையை எடுத்தார். வளைந்த குழலும் நுனியில் குமிழும் கொண்ட மாலுமிச் சீழ்க்கை. "கேப்டன் கப்பல் ஏறும்போது இத ஊதணும். எறங்கும்போதும் இதத்தான் ஊதணும். ரெண்டுக்கும் ஒரே ஊதல்தான்" என்று சொல்லி, அங்கேயே ஊதிக் காட்டினார். கூர்மையாக ஏறி, நின்று, வழுக்கி இறங்கும் ஒலி. உள்ளிருந்து அவருடைய மகன் குரல் கொடுத்தார்: "அத்தா, கடைல ஊதாதீங்க! எதிர்க்கடையில போலீசுன்னு நெனச்சி அல்லாத்தையும் உள்ள எடுத்து வைக்கறான்!"

நானும் ரஹீம் பாயும் கயிற்றுச் சுருளும் ஒரே இருக்கையில் மலைப்பேருந்தில் ஏறினோம். "பாய், இன்னா இது, யான கட்றதுக்கா?" என்றார் நடத்துநர். "இல்லப்பா, அட்மிரல இழுக்கறதுக்கு" என்றார் பாய். நடத்துநர் கயிற்றுச் சுருளுக்கும் ஒரு சீட்டுக் கிழித்தார். கச்சிராயபாளையம் கடந்து வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு பங்கு குளிர்ந்தது. பினாங்குக் குன்றுக்குக் கம்பிவடம் இழுக்கும் ரயிலில் வசதியாக ஏறிப் பழகிய எனக்கு, ஓட்டுநர் ஒரு கையால் வளைத்து மறு கையால் பலாச்சுளை தின்ற காட்சி உயிரை உலுக்கியது. அச்சமா, களிப்பா என்று பிரித்தறிய முடியாத உலுக்கல் அது.

ஒரு வளைவில் கிழக்கே சமவெளி முழுதும் விரிந்தது. மாமா பிறந்த மணலூர்பேட்டை அந்த வெளியில்தான், பெண்ணையாற்றின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால், வானம் தெளிந்த நாளில் மேற்கே ஒரு நீலக்கோடு தெரியுமாம். சிறுவனாக இருந்த மாமா அதைக் கடல் என்று நம்பியிருக்கிறார். அது மலை என்று தெரிந்தபோது அவருக்கு வந்த ஏமாற்றம், மெய்யான கடலைத் தேடிப் போக வைத்தது. கடலை வேண்டுமட்டும் பார்த்தபின், முதலில் ஏமாற்றிய நீலத்தைப் பார்க்க வந்துவிட்டார். சீன அம்மையாருக்கு நான் சொல்லவேண்டிய விடை இதுதான்.

அக்காள் வாயிலில் நின்றாள். தழுவிக்கொள்வாள் என்று கைகளை விரித்தேன். "ஏண்டி இப்படி எளச்சிட்ட? பினாங்குல சோறு போடறதில்லையா?" என்று என்னைத் தாண்டிப் போய்க் கயிற்றை எடுத்து, முறுக்கைப் பிரித்துப் பார்த்தாள். "நல்ல கயிறு, பாய்."

"சாருக்குக் கம்மியானதத் தருவனா மேடம்?"

அந்த வீட்டின் சன்னல்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் என்று மாறிய குடியிருப்புகள்தோறும் அக்காள் ஒரே திரைச்சீலைகளைக் கொண்டு சென்றாள். அந்தந்தச் சன்னலுக்கேற்ப வெட்டியும் ஒட்டுப்போட்டும் மடித்துத் தைத்தும் மாட்டினாள். இங்கே வீடு கட்டும்போது மாமா கொத்தனாரை அழைத்து, "இதுவரைக்கும் சீலையை வெட்டினது போதும். இந்தத் தடவை சுவரை வெட்டுங்க" என்று திரைச்சீலைகளை அளவுக்குக் கொடுத்தாராம். கடற்படைத் தலைவரின் ஆணைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

இரவு உணவு சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும். பின்னர் மலைத்தேனில் தோய்த்த பலாச்சுளை. எங்கள் நாட்டு டுரியானை உலகின் முதற்கனி என்று வாதிட்டு வந்த நான் அன்று வாய்மூடி உண்டேன். ரஹீம் பாய் பழைய கதை ஒன்றை எடுத்தார். புயலில் கவிழ்ந்த படகிலிருந்து மீனவர் சிலரை மாமாவின் கப்பல் மீட்டதாம். நடுங்கியவாறு தளத்தில் அமர்ந்திருந்த ஒரு மீனவர், தமிழில் பேசிய கப்பல் தலைவரைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். மணலூர்பேட்டை என்று மாமா சொன்னதும், "அங்க ஆத்துலயே தண்ணி இல்லியே சார், நீங்க எப்பிடிக் கப்பலு ஓட்றீங்க?" என்றாராம் அந்த மனிதர். உயிர் பிழைத்த கணத்தில் அப்படி ஓர் ஐயம்!

அக்காளும் சிரித்தாள், ஆயினும் சிரிப்பு உதட்டோடு நின்றது. "எழிலி சின்னதா இருக்கும்போது தூங்கறதுக்கு முன்னால அப்பா போட்டோவுக்கு குட்நைட் சொல்லும். அவரு லீவுல வீட்டுக்கு வந்து பக்கத்துலயே நின்னாலும் போட்டோவுக்குத்தான் சொல்லும். அவரும் போட்டோ பக்கத்துல போய் நின்னுக்குவாரு." அவளே தொடர்ந்தாள்: "எல்லாரும் சொல்றாங்க, பிரிஞ்சி இருக்கறது உனக்குப் பழக்கந்தானேன்னு. கடலுக்குப் போனா திரும்பற தேதின்னு ஒண்ணு சொல்லுவாங்க இல்ல."

மூன்றாம் நாள் நினைவுநாள். படத்துக்கு மாலையிட்டு, வந்தவர்க்கெல்லாம் சோறிட்டாள் அக்காள். ஊரில் அந்த வீட்டுக்குக் 'கப்பக்காரர் வூடு' என்று பெயர். கடலைக் கண்ணால் பாராத மலைமக்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அடுத்த வீட்டு வெள்ளச்சி, அக்காளின் வயதுடையவர், பந்தியின் நடுவே கேட்டார்: "நாளைக்கி வடம் இழுக்கணுமாமே? எத்தினி பேரு வோணும்?"

"ஜீப்பு சின்னது. பத்துப் பேரு போதும்" என்றார் ரஹீம் பாய். "சத்தமே கூடாது. வரிசையா நிக்கணும். நான் ஊதுனா நிறுத்தணும். கேட்டாண்ட வடத்த வுட்டுடணும்."

"வடம் இழுக்க எங்களுக்குச் சொல்லித் தரணுமா பாய்? வருசா வருசம் மாரியம்மன் தேரு இழுக்கறோம்" என்றார் வெள்ளச்சி. பாய் நிறைவோடு தலையசைத்தார். பிழை அந்த இடத்தில்தான் தொடங்கியது. எங்களுள் எவரும் உணரவில்லை.

நான்காம் நாள் காலை கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலிருந்து குமார் என்னும் ஓட்டுநர் மகிழுந்தோடு வந்து சேர்ந்தார். என் பெட்டியையும் அக்காளின் பெட்டியையும் வண்டியின் மேலே கட்டினோம். ஓராண்டாக ஓடாத ஜீப்பை ரஹீம் பாய் துடைத்துப் பளபளப்பாக்கி வடம் பூட்டியிருந்தார். திசை திருப்பும் சக்கரத்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே! குமாரையே ஏற்றினோம். அக்காள் முன்னிருக்கையில் தொப்பியோடு அமர்ந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பத்துப் பேர் வரவில்லை. ஊரே வந்தது. தலைமுழுகி, நெற்றி நிறைய நீறிட்டு, மேளத்தோடு வந்தது. சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையைத் தோளில் சுமந்தபடி ஒரு பெரியவர் வந்து முன்சக்கரத்தின் அருகே தமக்குரிய இடத்தில் நின்றார். ஒருவர் தேங்காய் உடைத்தார்.

"மேளம் வாணாம்ப்பா! சத்தம் கூடாதுன்னு சொன்னேனில்ல?" என்று பாய் கத்தினார். "சத்தமில்லாம தேரு நவுருமா பாய்?" என்றார் வெள்ளச்சி. வடத்தின் ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். ஓர் அதட்டல், ஜீப் துள்ளிப் புறப்பட்டது. வாயிற்கதவு நெருங்கியது. ரஹீம் பாய் விறைத்து நின்று முழுமூச்சோடு சீழ்க்கை ஊதினார். அது மேளத்தில் கரைந்தது. கதவைத் தாண்டினோம், காத்திருந்த மகிழுந்தையும் தாண்டினோம். கை நெற்றியில் நிலைத்தபடியே பாய் பின்னால் சிறுத்துப் போனார்.

"குமார், பிரேக்கைப் போடுங்கள்!" என்றேன்.

"போட்டுக்கினுதாம்மா இருக்கேன்! வண்டி நான் சொல்றதக் கேக்கல. அவுங்க சொல்றதத்தான் கேக்குது!"

அந்த ஊருக்கு நான்கு வீதிகள் இல்லை. ஊரைச் சுற்றி வரும் ஒரே தெருதான். அதன்வழியே எங்களை இழுத்தார்கள். வீட்டுக்கு வீடு நின்றார்கள். ஆரத்தி சுற்றினார்கள். நின்ற இடமெல்லாம் மாமாவைப் பற்றி ஒரு சொல் எழுந்தது. "எம் பொண்ணு பிரசவத்துக்கு இந்த ஜீப்புலதான் கொண்டும்போனாரு." "எங்கூட்டுக் கூரைக்குக் கயிறு கட்டிக் குடுத்தாரு. ரெண்டு காத்துக்கும் தாங்கிச்சி." "அவுரு போட்ட முடிச்ச இன்னிக்கி வரைக்கும் எவனாலும் அவுக்க முடியல, மாடு அப்பிடியே நிக்குது!" இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தெருவே சிரித்தது. இறக்கத்தில் ஜீப் விரைந்தபோது பெரியவர் முட்டுக்கட்டையைச் சக்கரத்தடியில் செருகினார். நான் குமாரின் கழுத்தைப் பற்றிக்கொண்டேன். அக்காளோ இருக்கையைப் பிடித்து எழுந்து நின்றாள். கலைந்த கூந்தலோடு, தொப்பியை மார்பில் அணைத்துக்கொண்டு, வாய்விட்டு நகைத்தாள். வந்தது முதல் அதுவரை நான் கேளாத நகைப்பு.

தெரு சுற்றி முடிந்தது. வடம் மீண்டும் எங்கள் வாயிலுக்கே திரும்பியது. கதவுக்குள் நுழைந்து, புறப்பட்ட இடத்திலேயே ஜீப்பை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்தார்கள்.

நான் முன்னால் ஓடினேன். "வெள்ளச்சியம்மா, இது வழியனுப்பும் சடங்கு. வெளியே கொண்டு விட வேண்டும்!"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? இழுத்த தேர எவனாவது தெருவுல வுட்டுட்டுப் போவானா? நெலைக்கு வந்து சேரணும். அப்பத்தான் வடத்த வுடலாம். நெலைக்கு வந்துட்டா அடுத்த வருசந்தான் கெளம்பும்."

மேளம் ஓய்ந்தது. கதவருகே ரஹீம் பாய் இன்னமும் விறைத்தே நின்றார். மெல்லச் சீழ்க்கையை உயர்த்தி ஊதினார். கூர்மையாக ஏறி, நின்று, வழுக்கி இறங்கியது. இம்முறை ஊர் முழுதும் கேட்டது. அக்காள் தொப்பியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். இடுப்பில் கைவைத்து ஊரைப் பார்த்தாள். விழுந்தால் தூக்க ஆள் இல்லை என்று எழிலி சொன்னது எனக்கு நினைவு வந்தது. எண்ணிப் பார்க்க முடியாத அளவு ஆட்கள் எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"குமாரு, காருக்கு மேல இருக்கிற பெட்டிய எறக்கிடுப்பா" என்றாள் அக்காள்.

"ஒண்ணா, ரெண்டாம்மா?"

அக்காள் என்னைப் பார்த்தாள். நான் அழைத்துப் போக வந்தவள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். என் கைகளில் வடத்தின் நார் ஒட்டியிருந்தது. எப்போது இறங்கி இழுத்தேன், கடைசி ஏற்றத்திலா? நினைவில்லை.

"ஒன்று" என்றேன் நான்.

மலையிறங்கும்போது அலைபேசிக்கு உயிர் வந்த வளைவில் எழிலி அழைத்தாள். நடந்தது அனைத்தையும் சொன்னேன். சினந்துகொள்வாள் என்று காத்திருந்தேன்.

"சித்தி, எல்லாரும் இழுத்தாங்களா?"

"எல்லாரும்."

"அடுத்த வருஷம் எப்போன்னு அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. வடத்துல எனக்கும் ஒரு பிடி விட்டு வைக்கச் சொல்லுங்க."